கேட்டுச் சொல்லுறன்

எங்கள் கந்தோருக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் ஒன்றுதான்: "கேட்டுச் சொல்லுறன்."

யாரிடம் கேட்டு என்று புதிதாக வந்தவர்கள் குழம்புவார்கள். பங்குப் பாதரிடமா, கொழும்பில் இருக்கும் அவர்களுடைய தலைமைச் சகோதரியிடமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் உம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் வந்தது. லீவு வேண்டும் என்று போய் நின்றேன்.

"கேட்டுச் சொல்லுறன் பரீனா," என்று எழும்பிப் போனார்.

கந்தோரின் பின்பக்கத்தில் ஒரு சின்னச் செப அறை இருந்தது. அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு செருப்புச் சத்தம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கும், அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கும். முழங்காலில் நின்று செபிக்கிற சிஸ்டர்மாரைக் கண்டிருக்கிறேன். கூட்டுக்குள் அடைபட்ட கோழி மாதிரி நடந்து நடந்து செபிக்கிற ஒருவரை அன்றைக்குத்தான் கண்டேன், கண்டேன் என்பதைவிடக் கேட்டேன். வெளியில் வந்து, "போட்டு வாங்கோ," என்றார்.

"ஆரிட்டக் கேட்டனீங்கள் சிஸ்டர்?"

கொஞ்சம் வெட்கத்தோடு விரலால் மேலே காட்டினார்.

"என்ர உம்மாட கண்ணுக்கும் அங்கயா கேக்கோணும்?"

"சின்ன விசயத்தில கேட்டுப் பழகாட்டி, பெரிய விசயம் வரேக்க எப்பிடிக் கேக்கிறது?"

அவர் இதைப் பகிடியாகச் சொல்லவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

நெடிய, மெலிந்த பெண். அப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். அவருடைய மேசைக்குப் பின்னால் நல்ல கதிரை ஒன்று இருந்தும் அதில் அவர் ஆற அமர இருந்து நான் பார்த்ததில்லை. ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்துவிடும். யாரோடும் கதைத்துக்கொண்டிருக்கும்போது, துறவற வார்த்தைப்பாட்டின்போது போட்ட வெள்ளி மோதிரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார். அந்த இடத்தில் தோல் தேய்ந்து வெளிறிப் போயிருந்தது. பக்கத்தில் இருப்பவருக்கும் அந்த அந்தரம் தொற்றிக்கொள்ளும். அவரோடு ஒரு காலமை முழுவதும் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்கும் ஓரிடத்தில் இருக்க முடியாது.

மன்னார் பட்டினத்தில் திருச்சபை நடத்திய சின்னக் கந்தோர் அது. குடும்பச் சண்டை, கைவிடப்பட்ட பெண்கள், காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் என்று எல்லா வழக்கும் எங்கள் வாசலுக்கு வரும். வழக்கில்லாத நேரத்தில் தெருக் கழுதைகள் வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். எங்கள் குடும்பம், முஸ்லிம்களை வெளியேற்றிய காலத்தில் புத்தளத்துக்குப் போய்ப் பல காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். வேலை தேடித் திரிந்த என்னை எடுத்தவர் அவர். கோயில் கந்தோருக்கு முஸ்லிம் பிள்ளை எதற்கு என்று பங்கில் சிலர் கேட்டார்களாம். அதைப் பின்னர் ஒருநாள் அவரிடமே விசாரித்தேன்.

"அதையும் கேட்டனான். ஒரு மறுமொழியும் வரேல்ல. வேண்டாம் எண்டும் சொல்லேல்லத்தானே, அதால எடுத்தன்," என்றார்.

வீடு பார்க்கப் போவது என்னுடைய ஸ்கூட்டியில்தான். முன்னால் பர்தாவோடு நான், பின்னால் முக்காட்டோடு அவர். பாலத்தில் ஏறினால் கடற்காற்று இரண்டு முக்காட்டையும் சேர்த்து அடிக்கும். பஸ் ஸ்டாண்ட் பெடியன்கள் எங்களைக் கண்டால் சத்தம் போடுவார்கள். அவர் கையை ஆட்டிக்காட்டுவார்.

பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒருநாள் நாங்களும் வரிசையில் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்களுக்கு முன்னால் மீன் ஏற்றும் லொறிகளும் மோட்டார் சைக்கிள்களும் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் நின்றன. பெற்றோல் செட்டில் வேலை செய்த ஒருவர் சிஸ்டரைக் கண்டுவிட்டு ஓடி வந்தார்.

"சிஸ்டர், நீங்கள் முன்னுக்கு வாங்கோ. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

முன்னால் நின்றவர்களும், "ஓம் சிஸ்டர், போங்கோ போங்கோ," என்றார்கள். அன்றைக்குப் போகவேண்டிய வீடும் அவசரமான வீடு. நான் ஸ்கூட்டியைத் திருப்பப் போனேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுங்கோ பரீனா."

"என்னத்துக்குச் சிஸ்டர்?"

"கேட்டுக்கொண்டு..."

வரிசைக்குப் பக்கத்திலேயே நடக்கத் தொடங்கினார். ஒரு லொறியின் நீளத்துக்கு அங்கே போய், திரும்பி இங்கே வந்து, மறுபடியும் அங்கே போய். சனம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. முன்னுக்குப் போனால் அந்த வீட்டுக்குப் போகலாம், ஆனால் காலமையிலிருந்து நின்றவனுடைய பங்கு அது. போகாவிட்டால் அங்கே ஒரு பெண் காத்திருப்பாள். இதைத்தான் அவர் மனதுக்குள் நிறுத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். அவர் நிறுத்து முடிக்க முதல் பெற்றோல் முடிந்துவிட்டது என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு கந்தோருக்கு நடந்தோம். அவரும் பின்னாலிருந்து தள்ளினார்.

"சிஸ்டர், நாங்களும் கேக்கிறனாங்கள்தான்," என்றேன். "இஸ்திகாரா எண்டு ஒரு தொழுகை இருக்கு. ஒரு முடிவு எடுக்க முதல் அல்லாஹ்வட்டக் கேட்டுத் தொழுறது. புத்தளத்தில இருந்து ஊருக்குத் திரும்புறதோ இல்லையோ எண்டு நானும் தொழுதுபோட்டுப் படுத்தனான். கனவு ஒண்டும் வரேல்ல. காலமை எழும்பிச் சாமானைக் கட்டினன்."

"ஒண்டும் வராமலே வெளிக்கிட்டீங்களா?"

"பின்ன? கேட்டாச்சு. இனிக் காலை எடுத்து வைக்கிறது என்ர வேலைதானே. பிழையெண்டா அவன் தடுப்பான்."

அவர் தள்ளுவதை நிறுத்திவிட்டார். ஸ்கூட்டி கனத்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். தெரு நடுவில் நின்று மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தடுக்காட்டி?" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டமாதிரி இருக்கவில்லை.

பிறகுதான் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். எந்த ஊருக்கும் மறுக்காமல் வருகிறவர், வெள்ளாங்குளம் என்றால் மட்டும் வரமாட்டார். அன்றைக்கு அவருக்குக் கூட்டம் இருக்கும், இல்லாவிட்டால் தலையிடி இருக்கும். "நீங்கள் போட்டு வாங்கோ பரீனா," என்பார். தூரம் என்று பஞ்சிப்பட்டுச் சோம்புகிறவரும் அல்ல. ஒருநாள் நேரே கேட்டுவிட்டேன்.

"வெள்ளாங்குளத்தில உங்களுக்கு என்ன பயம் சிஸ்டர்?"

யன்னலடியில் நின்றுகொண்டு, வெளியில் பார்த்தபடி சொன்னார். முன்பு அவர் ஒரு கடற்கரை ஊர்க் கன்னியர் மடத்தில் இருந்த காலத்தில் நடந்தது. றெஜினா என்ற இளம் பெண், குடித்துவிட்டு அடிக்கிற புருசனுக்குப் பயந்து கைப்பிள்ளையோடு மடத்துக்கு ஓடி வந்தாள். சிஸ்டர்மார் வைத்துக்கொண்டார்கள். சில நாளில் புருசன் வந்தான். குடிக்காமல், தலை வாரி இழுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். மாதா சுருவத்துக்கு முன்னால் விழுந்து அழுது சத்தியம் செய்தான். அனுப்புவதா விடுவதா? இவர் சாப்பிடாமல் கிடந்து செபித்தார். ஒரு விடிகாலையில் சிற்றாலயத்தில் இருக்கும்போது, நெஞ்செல்லாம் குளிர்ந்த மாதிரி ஒரு பெரிய சமாதானம் வந்தது. கடவுளிடமிருந்து வருவது சமாதானத்தோடுதான் வரும் என்று இளமையில் மடத்தில் படிப்பித்திருந்தார்கள். ஆகவே றெஜினாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அந்த வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

ஒரு மாதம் போகவில்லை. அதே கையை அவன் முறித்துப்போட்டான். பொருந்தின எலும்பு நேராகப் பொருந்தவில்லை. றெஜினா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெள்ளாங்குளத்தில் இருந்த தமக்கையிடம் போய்விட்டாள்.

"எனக்குச் சமாதானம் வந்தது பரீனா," என்றார் சிஸ்டர். "அவவுக்குக் கை முறிஞ்சது. அப்ப அந்தச் சமாதானத்தை எனக்கு ஆர் தந்தது?"

அன்றைக்கு மஃரிப் தொழுகைக்கு நின்றபோதும் அதே கேள்விதான் தலைக்குள் ஓடியது. அவருடைய நடையெல்லாம் அந்த விடிகாலையிலிருந்து தொடங்கியது என்று அப்போதுதான் விளங்கியது. பதில் வராவிட்டால் ஒரு பயம் என்றால், பதில் வந்தால் அவருக்கு இன்னும் பயம்.

அந்த வருடம் மழைக்கு முதல் வெள்ளாங்குளத்தில் ஒரு காணிப் பிணக்கு. அவர் நேரில் வந்தே ஆகவேண்டும் என்று இரு பகுதியும் நின்றார்கள். போனோம். ஸ்கூட்டியில் அவ்வளவு தூரம் போனால் முதுகு முறிந்துவிடும். பிணக்கை முடித்துவிட்டுத் திரும்பும்போது ஒரு ஒழுங்கையடியில், "இதுக்குள்ள திருப்புங்கோ," என்றார். வீடு எது என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

முற்றத்தில் பிடுங்கிக் குவித்த நிலக்கடலைச் செடிக்கு முன்னால் ஒரு பெண் குந்தியிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடது கை முழங்கையில் மடிந்தபடியே நின்றது. அந்தக் கையால் செடியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, வலது கையால் ஆய்ந்தாள். நிமிர்ந்து பார்த்தவளின் முகத்தில் ஆச்சரியம் வந்து உடனே போய்விட்டது.

"சிஸ்டரோ? வாங்கோ." எழும்பிப் போய் ஒரு கதிரையை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். சிஸ்டர் இருக்கவில்லை.

"றெஜினா, நான் உம்மட்ட மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"இப்பவோ?" என்றாள் அவள். திரும்பவும் குந்திக் கடலையை ஆயத் தொடங்கினாள்.

"நீங்கள் எனக்காக எவ்வளவு செபிச்சனீங்கள் எண்டு எனக்குத் தெரியும் சிஸ்டர்," என்றாள். "சாப்பிடாமக் கிடந்தனீங்கள். நான் கதவு நீக்கலுக்குள்ளால பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். நீங்கள் கள்ளமில்லாத ஆள். அதில எனக்கு ஒரு குறையும் இல்லை."

"அப்ப..."

"கடவுளட்டக் கேட்டீங்கள். என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லையே."

சிஸ்டரின் கை மோதிரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீர்?"

றெஜினா செடியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "அண்டைக்கு மாதாவுக்கு முன்னால விழுந்து அழுதவரெல்லே, அழேக்க அந்த ஆள் ஒருக்காவும் பிள்ளையப் பார்க்கேல்ல. வாசலடியில நிண்ட கூட்டாளியளத்தான் பார்த்தவர். அவங்கள் பார்க்கிறாங்களோ எண்டு. நான் அவரோட சீவிச்சவள், எனக்கு அந்தப் பார்வை தெரியும். உங்களுக்குத் தெரியாதுதானே. தெரிஞ்ச ஆளட்டக் கேட்டிருக்கலாம்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நாங்கள் வெளிக்கிடும்போது ஒரு பையில் கடலை போட்டுத் தந்தாள். "அவிச்சுச் சாப்பிடுங்கோ. பச்சையாத் திண்டா வயித்துக்குக் கூடாது," என்றாள். சிஸ்டர் அந்தப் பையை வழி முழுவதும் மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். பாலத்தில் காற்று பலமாக அடித்தது. தூரத்தில் காற்றாடிக் கம்பங்கள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன. ஒரு இடத்தில் அவர் ஏதோ சொன்னார். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்லி நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஆறுதலடைந்துவிட்டார் என்று சொன்னால் பொய். அந்தரம் கூடியது. முன்பு ஒரு இடத்தில் கேட்டவர் இப்போது இரண்டு இடத்தில் கேட்டார். கந்தோருக்கு வருகிறவர்களை முன்னால் இருத்தி, "உங்களுக்கு என்ன தெரியுது? நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று விசாரிப்பார். சிலர் அழுதார்கள். அதுவரைக்கும் யாரும் அவர்களிடம் அப்படிக் கேட்டதில்லை. சிலருக்குக் கோபம் வந்தது. "வழி கேட்டு வந்தா எங்களையே கேக்கிறா. பிறகென்னத்துக்கு இந்தக் கந்தோர்?" என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றியதுண்டு. ஒரு வழக்கு முடிய முன்பைவிட இரட்டிப்பு நேரம் எடுத்தது.

பாப்பாமோட்டை வீட்டுக்கு நாங்கள் போனது இதற்கெல்லாம் பிறகு.

அது வயல் செய்கிற குடும்பம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் சனத்தோடு சனமாக ஓடியபோது மகன் காணாமல் போனான். கண்டவர் இல்லை. சடலமும் இல்லை. தாய் அவனுடைய படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு போகாத கந்தோர் இல்லை, நிற்காத போராட்டம் இல்லை. நவம்பரில் இறந்தவர்களின் திருநாளுக்கு ஊர் முழுவதும் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுதிரி கொளுத்தும். அன்றைக்கு அந்த வீட்டுக் கதவு திறக்காது. திரி கொளுத்தினால் அவன் செத்துவிட்டான் என்று தாங்களே சொன்னமாதிரி ஆகிவிடும்.

இப்போது தகப்பன் சாகக் கிடந்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாதர் வந்து கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார். நாங்கள் போய் இறங்கியதும் அந்த அம்மா ஓடிவந்து சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு இழுத்துப் போனார்.

"சிஸ்டர், விடிஞ்சதில இருந்து ஒரே கேள்வி கேக்கிறார். அங்க போனா அவன் நிப்பானோ எண்டு கேக்கிறார். நான் என்னத்தச் சொல்ல?"

தகப்பனுடைய தம்பி பின்னால் வந்து நின்றார். கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்கிற மனிதர்.

"இதில யோசிக்க என்ன கிடக்கு?" என்றார். "நிப்பான் எண்டு சொல்லுங்கோ சிஸ்டர். நீங்கள் சொன்னா அண்ணர் நம்புவார். மனுசன் நிம்மதியாப் போகட்டும்."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார். "அப்ப என்ர பிள்ளை செத்துப்போச்சு எண்டு எல்லாருமாச் சேர்ந்து முடிவெடுத்திட்டீங்களோ? அதையும் இந்த வீட்டுக்குள்ள நிண்டே சொல்லப்போறீங்களோ?"

"சரி, இல்லை எண்டு சொல்லுங்கோ. பிள்ளையைக் காணாமலே சாகட்டும்."

இருவரும் சிஸ்டரைப் பார்த்தார்கள். அவர் வாய் திறந்து, "கேட்டு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். உள்ளேயிருந்து அந்த மனிதரின் மூச்சு இழுபடுகிற சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது. கேட்டுச் சொல்ல இங்கே நேரம் இல்லை. வேலி வரைக்கும் வேகமாகப் போனார், பனை மட்டை வேலியைக் கையால் தொட்டார், திரும்பி வந்து நேரே வீட்டுக்குள் நுழைந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

சிஸ்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்தார். அவருடைய முகமும் படுத்திருந்தவரின் முகமும் ஒரே உயரத்தில் வந்தன.

"ஐயா, நீங்கள் ஒரு கேள்வி கேக்கிறீங்களாம்."

"ஓம் சிஸ்டர்." குரல் பஞ்சு மாதிரி வந்தது.

"எனக்கு மறுமொழி தெரியாது ஐயா."

வாசலில் நின்ற தம்பி எரிச்சலோடு உச்சுக்கொட்டினார். சிஸ்டர் திரும்பவில்லை.

"நான் உங்களட்ட ஒண்டு கேக்கட்டோ? அவன் அங்க நிக்கோணும் எண்டு நினைக்கிறீங்களோ, நிக்கக்கூடாது எண்டு நினைக்கிறீங்களோ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாகப்போகிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? அவர் துணிந்து கேட்கவில்லை, பயந்து பயந்துதான் கேட்டார் என்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"நிக்கக்கூடாது," என்றார்.

அந்த அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா மூச்சா என்று சொல்ல முடியாத சத்தம்.

"நிக்கக்கூடாது," என்று மறுபடி சொன்னார். "ஆனா நிண்டானெண்டா... இவ்வளவு காலமும் தனியவெல்லே நிண்டிருப்பான்."

கண்ணைத் திறந்து மனைவியைத் தேடினார். அவர் கிட்ட வந்தார்.

"இஞ்ச பார். நான் போய் அந்தப் பக்கம் தேடுறன். நீ இந்தப் பக்கம் தேடு. விட்டுடாத."

"ஓம்," என்றார் அவர். கணவனுடைய நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஓம். நான் விடமாட்டன். நீங்கள் அங்க வடிவாப் பாருங்கோ. அவனில்லை எண்டா யோசிக்காதேங்கோ, இங்க நான் நிக்கிறன்."

அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வெளியூருக்குப் போக ஆயத்தப்படுகிறவர் மாதிரி, சேட்டு எங்கே, மழைக்கு முதல் வரம்பு கட்ட ஆள் சொன்னதா என்று மனைவியோடு சின்னச் சின்னதாகக் கதைத்தார். சிஸ்டர் செபமாலையை எடுத்து அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினார். அந்த அம்மா சேர்ந்துகொண்டார். நான் சுவரோடு சாய்ந்து நின்று எனக்குத் தெரிந்ததை மனதுக்குள் ஓதினேன்.

அடுத்த கிழமைக்குள் அந்த மனிதர் மௌத்தாகிவிட்டார். அடக்கத்துக்கு நாங்களும் போனோம். பெட்டியை மூட முதல் அந்த அம்மா குனிந்து காதுக்குள் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். சேமக்காலையில் ஒரு கல்லறைதான் வந்தது, ஒரு பெயர்தான் எழுதினார்கள்.

ஆனால் அதோடு முடியவில்லை. தம்பி கோயிலில் முறைப்பாடு வைத்தார். சாகக் கிடக்கிற மனிதனுக்கு விசுவாசத்தைச் சொல்லி ஆறுதல்படுத்தாமல், ஒரு சிஸ்டர் தெரியாது தெரியாது என்று கேள்வி கேட்டுக்கொண்டு நின்றார் என்றார். அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. பாதர் கூப்பிட்டு விசாரித்தார். போய்விட்டு வந்தவரிடம் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"பாதர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு," என்றார். "நித்திய வாழ்வு எண்டு ஒண்டு இருக்கு எண்டு நான் அண்டைக்குச் சொல்லியிருக்கோணும்தான். நான் நம்பிறனான்தானே. ஏன் சொல்லேல்ல?"

"அவர் போறன் எண்டு சொன்னவர்தானே சிஸ்டர். இருக்கிற இடத்துக்குத்தானே போகலாம்."

என்னை உற்றுப் பார்த்தார். "அப்பிடியோ?" என்றார். ஆனால் எழும்பி நடக்கத்தான் செய்தார். அன்றைக்கு அவர் செய்தது சரியா பிழையா என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை முழுதாகத் தெரியாது. அந்த அம்மா மட்டும் இன்னும் படத்தைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் தேடிக்கொண்டிருக்கிறார்.

சில மாதத்தில் சிஸ்டருக்கு இடமாற்றம் வந்தது. முறைப்பாட்டால் வந்ததா, அவர்களுடைய சபை வழக்கப்படி வந்ததா என்று யாரும் சொல்லவில்லை. மலைநாட்டில் ஒரு மடமாம். சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு பெட்டிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. நான் அலுமாரித் திறப்புக் கொத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன்.

"உங்களட்டக் கேட்டவையோ சிஸ்டர், போக விருப்பமோ எண்டு?"

"எங்கட சபையில அப்பிடிக் கேக்கிறேல்ல. சொல்லுவினம், போறது."

"நான் கேக்கிறன். உங்களுக்குப் போக விருப்பமா?"

"இல்லை," என்றார்.

சொன்ன வேகத்தில் அவருக்கே திடுக்கிட்டுவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, "கொஞ்சமும் விருப்பமில்லை பரீனா. அங்க குளிர். எனக்கு இந்தக் காத்து வேணும், இந்தச் சனம் வேணும். போகமாட்டன் எண்டு கத்தோணும்போலக் கிடக்கு," என்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது, சிரிக்கவும் செய்தார்.

"அப்ப என்ன செய்யப்போறீங்கள்?"

"போவன். வார்த்தைப்பாடு குடுத்தனான், போவன்." முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியைத் தூக்கியவர், வாசலில் வைத்துவிட்டுச் செப அறைப் பக்கம் திரும்பினார்.

"ஒரு நிமிசம் பொறுங்கோ," என்றார். "இதை அவரட்டயும் சொல்லிப்போட்டு வாறன்."